லீவுக்கு வருகிறவர்களே, பிள்ளைகளின் இல்லத்துக்குச் சுற்றுலா போகாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

சீசன் தொடங்கிவிட்டது. கடல் தெளிந்து, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் கெஸ்ட் ஹவுஸ்களில் விளக்கு எரிகிறது. சந்தோஷம்தான். சல்லிக் கரையில் மீன் விற்கிறவருக்கும் ஓட்டோக்காரருக்கும் வருசத்தில் கையில் காசு புழங்குகிற காலம் இதுதான். அதைக் கெடுக்க நாங்கள் வரவில்லை.

எங்களிடம் படித்த தம்பி ஒருவர் இப்போது ஓட்டோ ஓடுகிறார். போன கிழமை சாம்பல்தீவுப் பாலத்தடியில் எங்களைக் கண்டு நிறுத்தி, வண்டிக்குள் தொங்கவிட்டிருந்த அட்டையைப் பெருமையாகக் காட்டினார். புறாத்தீவு, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று என்று படம் போட்டு விலையும் போட்டிருந்தது. நாலாவது படத்தில் சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று கை காட்டுகிறார்கள். சிறுவர் இல்லம், ஒரு மணித்தியாலம்.

"வெள்ளைக்காரர் அங்க போனா அழுறாங்க டீச்சர். திரும்பி வரக்குள்ள எனக்கும் கூடக் குடுக்கிறாங்க. பிள்ளைகளுக்கும் சாமான் கிடைக்குது. நல்லதுதானே?"

அவர் கெட்ட பிள்ளை இல்லை. உண்மையாகவே கேட்டார். நேரமாகிவிட்டதால் "பிறகு சொல்றம் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இந்தப் பதிவு அவருக்கான பதில். அவருக்கு மட்டுமல்ல என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் எங்கள் வகுப்பறையிலிருந்து தொடங்குகிறோம். எங்களுக்குத் தெரிந்த இடம் அதுதான். இல்லங்களிலிருந்து வரும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருந்திருக்கிறார்கள். சீசன் காலத்துத் திங்கட்கிழமைகளில் அவர்களைப் பாருங்கள். முதல்நாள் இரவு யாரோ வந்து பாட்டு, ஆட்டம், கேக் என்று பத்து மணிவரை வைத்திருப்பார்கள். இரண்டாம் பாடத்திலேயே மேசையில் தலை சாய்ந்துவிடும். வீட்டுப்பாடம் செய்திருக்காது. கேட்டால், "விசிட்டர்ஸ் வந்தவை டீச்சர்." எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு வேலை. சம்பளமில்லாத இரவு வேலை.

இங்கிலீஷ் படிப்பிக்கிறார்களாம். எங்களிடம் இருந்த ஒரு பிள்ளை நிறங்களின் பெயரையும் தலை, தோள், முழங்காலையும் இங்கிலீஷில் தூக்கத்திலும் சொல்லும். வந்த ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டாம் பாடத்துக்கு யாரும் இருந்ததில்லை. மூன்று வருசத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளைக்கு "நேற்று நான் கடைக்குப் போனேன்" என்று ஒரு வசனம் இங்கிலீஷில் எழுதத் தெரியவில்லை.

அதையும் விடுவோம். தன்னைக் கட்டிப்பிடித்த பிள்ளையைப் பற்றி வெள்ளைக்காரர் ஊருக்குப் போய் உருகி உருகி எழுதுகிறார்களே, அந்தக் கட்டிப்பிடிப்பைப் பற்றிப் பேசுவோம். வீட்டில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் முன்பின் தெரியாத ஒருவர் போனால் என்ன செய்யும்? உம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். ஒளியத்தான் வேண்டும். வருகிற எவர் மடியிலும் ஏறி உட்காருகிற பிள்ளை, தனக்கென்று ஒரு ஆள் இல்லாத பிள்ளை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000 ஆம் ஆண்டளவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, எல்லோரையும் வருசக்கணக்கில் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், அதுவும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள், அறிவிலும் மனதிலும் முன்னேறினார்கள். யாரிடமும் போய் ஒட்டிக்கொள்வதை அந்த ஆய்வாளர்கள் பாசம் என்று எழுதவில்லை. ஆள் இல்லாமல் வளர்ந்ததன் காயமாகத்தான் எழுதினார்கள். இங்கே அந்தக் காயத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு புது அக்கா வந்து கை வைத்துவிட்டுப் போகிறார். போகும்போது அழுகிறார். அவர் அழுகை விமானத்தில் முடிந்துவிடும்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். இந்தப் பிள்ளைகள் அநாதைகளா?

சுனாமிக்குப் பிறகு, 2005 இல், சேவ் த சில்ட்ரன் அமைப்பு இலங்கையின் இல்லங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. தனியார் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் 92 சதவீதமானவர்களுக்குத் தாயோ தகப்பனோ இரண்டு பேருமோ உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்கு 40 க்கும் மேற்பட்டவர்கள் வறுமை காரணமாகவே அங்கே வந்திருந்தார்கள். திரும்ப ஒருதரம் வாசியுங்கள். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கும் மேல் உம்மாவோ வாப்பாவோ இருக்கிறார்கள். இல்லாதது அரிசி, வாடகை, வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள்.

2004 டிசம்பர் 26 ஐ இந்தக் கரையில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. அன்று தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளைப் பெரும்பாலும் யார் தூக்கிக்கொண்டார்கள்? மாமி, பெரியம்மா, மூத்தம்மா, அம்மம்மா. தங்களுக்கே கூரை இல்லாத நேரத்தில். கல்முனையில் கண்டெடுக்கப்பட்ட கைக்குழந்தையை மறந்திருக்க மாட்டீர்கள். ஆஸ்பத்திரியில் 81 ஆவது ஆளாகப் பதிந்ததால் உலகமே "81 ஆம் இலக்கக் குழந்தை" என்று சொன்னது. மரபணுச் சோதனை செய்து 2005 பெப்ரவரியில் பெற்றோரிடமே கொடுத்தார்கள். அத்தனை பெரிய அழிவிலும் ஒரு குழந்தைக்கு அதன் சொந்தத் தாயைத் தேட முடிந்தது. இன்று நிலாவெளி ரோட்டில் பஸ்ஸில் ஒரு மணித்தியால தூரத்தில் இருக்கிற தாயை ஏன் தேட முடியவில்லை?

காசு வேறு பக்கம் போவதால்தான். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. கம்போடியாவில் 2005 இலிருந்து 2010 வரையான ஐந்து வருசத்தில் சிறுவர் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியதாக யுனிசெப் 2011 இல் சொன்னது. யுத்தம் முடிந்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகு. அந்தக் காலத்தில் அங்கே கூடியது சுற்றுலாப் பயணிகள். பயணி வந்தால் காசு வரும், காசு வர வேண்டுமென்றால் காட்டுவதற்குப் பிள்ளை வேண்டும், பிள்ளை வேண்டுமென்றால் கிராமத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். "நல்ல படிப்பு, மூன்று நேரச் சாப்பாடு" என்றால் ஏழைத் தாய் என்ன சொல்வாள்? அவுஸ்திரேலியப் பாராளுமன்றக் குழுவொன்று 2017 இல் இப்படிப் பிள்ளை சேர்ப்பதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வகை என்றே எழுதியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்த "தொண்டுச் சுற்றுலா"வின் பெயரைச் சொல்லியே தீர்மானம் எடுத்தது. ஆட்களை அனுப்புகிற நாடுகளே வெட்கப்படத் தொடங்கிவிட்டன. நாங்கள் மட்டும் அட்டையில் படம் போட்டுத் தொங்கவிடுகிறோம்.

வெளிநாட்டார் நல்ல மனதோடு வந்து எங்கள் பிள்ளைகளைத் தொட்ட கதை இந்த நாட்டில் முன்பும் ஒருதரம் நடந்தது. 1980 களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, சுவீடன் என்று தத்துப் போனார்கள். கூட்டிப்போனவர்கள் புண்ணியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தார்கள். 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று தோண்டியபோதுதான், பொய்த் தாய்மாரை நடிக்கவைத்ததும் பொய்க் கடதாசிகள் எழுதியதும் உலகத்துக்கு வெளிச்சமானது. 2021 இல் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. அந்தக் குழந்தைகள் இன்று நாற்பது வயதுக்காரராக வந்து ஊர் ஊராகத் தாயைத் தேடுகிறார்கள். "அது வேறு, இது வேறு" என்பீர்கள். வேறுதான். ஆனால் அன்றும் யாரும் தாயைக் கேட்கவில்லை.

சரி, வெள்ளைக்காரரைத் திட்டுவது லேசு. இனி எங்களைப் பார்ப்போம். இந்தப் பகுதிக்குத்தான் எங்களுக்கு அடி விழும் என்று தெரியும்.

லண்டனிலிருந்து, கனடாவிலிருந்து, கட்டாரிலிருந்து ஓகஸ்ட் லீவுக்கு வருகிற எங்கள் சொந்தக்காரர் என்ன செய்கிறார்கள்? மகளுக்குப் பிறந்தநாள் என்றால் இல்லத்துக்குக் கேக்கும் சாப்பாட்டுப் பார்சலும் கொண்டுபோகிறார்கள். அப்பாவின் ஆண்டுத் திவசம் என்றால் அங்கே சாப்பாடு. நோன்பு என்றால் அங்கே இப்தார், பெருநாள் என்றால் அங்கே உடுப்பு. பிள்ளைகள் வரிசையில் நிற்க, கையில் பார்சலைக் கொடுத்துப் போட்டோ. அன்றிரவே பேஸ்புக்கில். கீழே நூறு பேர் "மாஷா அல்லாஹ்", நூறு பேர் "வாழ்த்துக்கள் அக்கா".

அந்தப் பிறந்தநாள் போட்டோ ஒன்றை எடுத்து நன்றாகப் பாருங்கள். நடுவில் ஒரு பிள்ளை, உம்மா ஒரு பக்கம், வாப்பா ஒரு பக்கம், கன்னத்தில் முத்தம். சுற்றி முப்பது பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அந்த முப்பது பேருக்கும் பிறந்தநாள் இருக்கிறது. எத்தனை பேருக்கு அது எந்த நாள் என்று தெரியும்?

நாங்களும் சுத்தம் இல்லை. யுத்தம் முடிந்து வெளிநாட்டார் வரத் தொடங்கிய நாட்களில் நாங்களே பள்ளிக்கூட வாசலில் மாலையோடு நின்றிருக்கிறோம். பாட நேரத்தில் பிள்ளைகளை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்திப் பாட்டுப் பாடவைத்திருக்கிறோம். நாலு கொம்பாசுப் பெட்டிக்காக. அன்று அது தவறென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் ஓட்டோத் தம்பியிடம் கோபப்பட எங்களுக்கு வாய் வரவில்லை.

மார்க்கத்தை இழுக்காமல் இதைப் பேசி முடிக்க முடியாது. எங்கள் ஆட்கள் இல்லத்துக்குப் போகும்போது மார்க்கத்தைச் சொல்லித்தானே போகிறார்கள். யதீம் என்றால் யார்? தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை இல்லை. பருவமடையுமுன் தகப்பனை இழந்த பிள்ளை. உம்மா உயிரோடு இருந்தாலும் அது யதீம்தான். நபி (ஸல்) அவர்கள் பிறக்கும்போதே யதீம். ஆறு வயது மட்டும் உம்மா இருந்தார். பிறகு பாட்டனார், அதன் பிறகு பெரிய தந்தை அபூதாலிப். அபூதாலிபிடம் செல்வமா இருந்தது? சொந்தப் பிள்ளைகளுக்கே தட்டுப்பாடு. ஆனாலும் வீட்டுக்குள்தான் வளர்த்தார். ஸூரத்துன் நிஸாவில் யதீம்களைப் பற்றி வருகிற சட்டங்களை ஓதிப் பாருங்கள். பொறுப்பாளி, சொத்து, கணக்கு, சாட்சி என்று வரும். எல்லாமே ஒரு குடும்பத்துக்குள், தெரிந்த மனிதர்களுக்கு இடையில் நடப்பவை. யதீமைப் பொறுப்பேற்பவருக்கு சுவனத்தில் நபியவர்களோடு இடம் என்ற ஹதீஸ் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொறுப்பேற்பது என்றால் ஒரு பகல் சாப்பாட்டுப் பார்சலா? ஊட்டியதற்கு நன்றிகூட எதிர்பார்க்கக்கூடாது என்று குர்ஆன் சொல்லும்போது, நாங்கள் லைக் எதிர்பார்க்கிறோம்.

இன்னொன்று. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று ஸூரத்துன் நூரில் ஓதுகிறோம். இல்லம் அந்தப் பிள்ளைகளின் வீடு. அவர்கள் படுக்கிற அறைக்குள் செருப்போடு போய்க் கட்டிலைப் போட்டோ எடுக்கிறவர், எந்தப் பிள்ளையிடம் அனுமதி கேட்டார்?

தமிழ்ச் சகோதரங்களுக்கு மார்க்கம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. சல்லி முத்துமாரியம்மன் கோயிலில் அன்னதானத்துக்கு உட்காருகிறவரிடம் நீ யார் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் அவரைப் பாட்டுப் பாடச் சொல்வதும் இல்லை. அந்த மரியாதை இல்லத்துப் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று மட்டும் கேட்கிறோம்.

இப்போது எங்கள் நெஞ்சில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருசத்துக்கு முன் ஒரு தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் விடுகைப் பத்திரம் வேண்டுமாம், இல்லத்தில் சேர்க்க. கணவர் இல்லை. அவருக்கு ஒரு ஹொட்டலில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை. விடியக்காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஏன் என்று கேட்டோம். "அங்க வெள்ளைக்காரர் வந்து இங்கிலீஷ் படிப்பிக்கிறாங்க. நல்லாக் கவனிக்கிறாங்க. என்னோட இருந்து இதுகள் என்னத்தக் கண்டுதுகள்?" என்றார். பேசிப் பார்த்தோம். பின்னேரத்தில் பிள்ளைகளை வைத்துப் பார்க்க ஒரு வீடு தேடினோம். சின்னவரை ஒரு பாட்டி பார்க்க ஒத்துக்கொண்டார். பெரியவளுக்கு யாரும் கிடைக்கவில்லை, வளருகிற பெண்பிள்ளை என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். கடைசியில் அவளுடைய பத்திரத்தில் கையெழுத்து வைத்தோம். மாதம் எவ்வளவு இருந்திருந்தால் அந்தப் பிள்ளை தாயோடு இருந்திருக்கும் என்று பிறகு கணக்குப் பார்த்தோம். ஒரு பிறந்தநாள் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசு மூன்று மாதத்துக்குப் போதும்.

"அப்ப இல்லங்களை மூடச் சொல்றீங்களா?" இல்லை. உண்மையாகவே யாரும் இல்லாத பிள்ளை உண்டு. வீட்டிலேயே ஆபத்து உள்ள பிள்ளையும் உண்டு. தங்கள் வாழ்க்கையையே அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அம்மாமார் சிலரை எங்களுக்குத் தெரியும், அவர்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவர்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், விசிட்டர் கூட்டம் அவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்று சொல்வார்கள். காசை நிறுத்தச் சொல்லவில்லை. காசை அனுப்புங்கள், ஆள் வராதீர்கள். பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்காரப் பெண்ணுக்குச் சம்பளமாக அனுப்புங்கள். அவர் நின்றால் பிள்ளைக்கு ஒரே முகம் பத்து வருசம் கிடைக்கும்.

கொடுக்குமுன் கேளுங்கள். இல்லம் பதிவு செய்யப்பட்டதா? 1941 ஆம் ஆண்டிலிருந்தே அதற்குக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நன்னடத்தைத் திணைக்களத்துக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியுமா? போன வருசம் எத்தனை பிள்ளைகளைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பினார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்துக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். தெரியாத ஆட்களைப் பிள்ளைகளோடு தனியாக விடுகிறார்கள் என்று கண்டால் 1929 க்கு அடியுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், காசு போகாது. கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சுற்றுலா வீசாவில் வந்தவர் சம்பளத்துக்கும் வேலை செய்ய முடியாது, சம்பளமில்லாமலும் முடியாது. உங்கள் ஊரில் ஒரு வெளிநாட்டுக்காரர் சாரத்தோடு வந்து, "லீவில் நிற்கிறேன், இரண்டு கிழமை உங்கள் வகுப்பில் படிப்பிக்கட்டா" என்று கேட்டால் விடுவார்களா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நாங்கள் ஒருவரிடம் கேட்டோம். முகம் சிவந்துபோனார். பிறகு நல்ல மனிதராக உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் பேசினார்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. இந்த முறை ஸகாத் பிரிக்கும்போது, பிள்ளையை இல்லத்தில் விட யோசிக்கிற தாய்மாரின் பெயரை முதலில் எழுதுங்கள். பெயர்கள் எங்களிடம் இருக்கின்றன. பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடமும் இருக்கும். சல்லிப் பக்கத்துப் பெயர்களைக் கோயில் நிர்வாகத்திடம் நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

ஓட்டோத் தம்பிக்கு: நாலாவது படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பல்தீவுக் களப்பைப் போடுங்கள். விடியக்காலையில் கொக்கு நிறைந்து நிற்கும். உங்கள் காசு குறைந்தால் வந்து சொல்லுங்கள், எங்களைத் தேடி வருகிறவர்களை உங்கள் வண்டியில்தான் அனுப்புவோம்.

மாற்றுக்கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். இல்லத்துப் பிள்ளைகளின் போட்டோவை மட்டும் இங்கே போடவேண்டாம். நல்லதைக் காட்டப் போட்டாலும் அழித்துவிடுவோம்.